மேனேஜர் ஏன் ஏஜென்ட்டிடம் கை நீட்டுகிறார்?

கௌதமபுரத்திலிருந்து என் பழைய டீம்மேட்டின் மகன் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். "அங்கிள், இங்கிலாந்துல ஃபுட்பால் மேனேஜருக்குச் சம்பளமே கோடிக்கணக்குல. அப்புறம் எதுக்கு ஏஜென்ட்கிட்ட போய் லஞ்சம் வாங்கணும்? கிளப்புக்குத் தெரியாம எப்படி நடக்குது? நம்ம பெங்களூர்ல இதெல்லாம் உண்டா?" கடைசியில் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னான். அவன் தம்பிக்கு 17 வயது. ஒரு ஏஜென்ட் வீட்டுக்கு வந்து ஏதோ ஒரு பேப்பரைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாராம்.

நான் பெங்களூர் லீக்கில் லெஃப்ட் பேக் ஆடியவன். முழங்கால் போன பிறகு ஒரு உள்ளூர் கிளப்புக்குப் பல வருடம் கணக்கு எழுதினேன். ஆட்டத்தைவிட அந்தக் கணக்கு நோட்டுதான் எனக்கு ஃபுட்பாலை அதிகம் சொல்லிக்கொடுத்தது. அவனுக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போவதைவிட எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன். அங்கே மேனேஜர் என்றால் டீமின் தலைமைக் கோச், யாரை வாங்குவது என்று சொல்கிறவர். ஏஜென்ட் என்றால் ஆட்டக்காரனுக்காகக் கிளப்களிடம் விலை பேசும் தரகர்.

தம்பி, உன் கேள்வியிலேயே ஒரு சின்னத் தப்பு இருக்கிறது. ஏஜென்ட் தன் பையிலிருந்து மேனேஜருக்குப் பணம் கொடுக்கிறார் என்று நினைக்கிறாய். அப்படி இல்லை. அது கிளப்பின் பணம். கிளப்பிலிருந்து கிளம்பி, ஊரெல்லாம் சுற்றி, மேனேஜர் கைக்கு வந்து சேர்கிறது.

உங்கள் அப்பா மாடி கட்டினாரே, அதை நினைத்துப் பார். மேஸ்திரி ஒரு டைல்ஸ் கடைக்கு அழைத்துப் போனார். "இந்த டைல்ஸ்தான் சார் உழைக்கும்" என்றார். அப்பா பணம் கட்டினார். நீங்கள் வீடு திரும்பிய பிறகு கடைக்காரர் மேஸ்திரிக்கு ஒரு கவர் கொடுத்தார். அந்தக் கவரில் இருந்தது யார் பணம்? உங்கள் அப்பா பணம்தான், பில்லிலேயே ஏற்றியாகிவிட்டது. மேஸ்திரி இடத்தில் மேனேஜரை வை, கடைக்காரர் இடத்தில் ஏஜென்ட்டை வை. ஒரே ஒரு வித்தியாசம்: டைல்ஸுக்குப் பெட்டியில் விலை அச்சடித்திருக்கும், பக்கத்துக் கடையில் விசாரிக்கலாம். ஆட்டக்காரனுக்கு எம்ஆர்பி கிடையாது.

இந்த வியாபாரத்தில் நடக்கிற அத்தனை திருட்டுக்கும் அந்த எம்ஆர்பி இல்லாததுதான் வசதி. 2010-இல் மான்செஸ்டர் யுனைடெட் பெபே என்ற போர்ச்சுகல் பையனை வாங்கியது. அந்தக் கோடையில்தான் அவன் ஒரு சிறிய கிளப்பிலிருந்து விட்டோரியா கிமரேஸுக்கு இலவசமாகப் போயிருந்தான். சில வாரம் கழித்து யுனைடெட் கொடுத்த விலை சுமார் 74 லட்சம் பவுண்டு. அவன் ஆடி நான் பார்த்ததே இல்லை என்று யுனைடெட் மேனேஜர் அலெக்ஸ் ஃபெர்குசனே சொன்னார். இதில் மேனேஜர் காசு வாங்கினார் என்று நான் சொல்லவில்லை, யாரும் நிரூபித்ததும் இல்லை. ஒரே கோடையில் பூஜ்யமாகவும் 74 லட்சமாகவும் இருக்கக்கூடிய விலை, அவ்வளவுதான். அப்படிப்பட்ட சரக்கில் இரண்டு மூன்று லட்சத்தைக் கூட்டிப் போட்டால் எந்த ஆடிட்டர் கண்டுபிடிப்பார்?

இப்படிச் சுற்றி மேனேஜர் கைக்கு வரும் கவருக்கு இங்கிலாந்தில் 'பங்' என்று பெயர். நம் 'பங்கு'க்கு ஒரே ஒரு எழுத்துதான் குறைவு. முதல்முறை கேட்டபோது தமிழிலிருந்து போயிருக்குமோ என்றுகூட யோசித்தேன்.

பங் என்றால் எல்லோரும் முதலில் சொல்வது ஜார்ஜ் கிரஹாம் கதைதான். ஆர்சனல் மேனேஜர். 1989-லும் 1991-லும் லீக் பட்டம் வென்றுகொடுத்தவர், 1994-இல் ஐரோப்பியக் கோப்பை வின்னர்ஸ் கோப்பையையும். அந்த ஊரில் அவருக்குச் சிலை வைத்திருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் ரூனே ஹாகே என்ற நார்வே ஏஜென்ட் வழியாக இரண்டு பேரை வாங்கினார். 1991-இல் பால் லிடர்சன், 1992-இல் ஜான் ஜென்சன். ஜென்சன் அந்த வருடம்தான் யூரோ என்கிற ஐரோப்பிய நாடுகள் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஜெர்மனிக்கு எதிராக டென்மார்க்குக்குக் கோல் அடித்திருந்தான். சூடான சரக்கு. ஆர்சனல் கொடுத்தது 15 லட்சம் பவுண்டுக்கு மேல். டென்மார்க்கில் பிராண்ட்பி கிளப்புக்குப் போய்ச் சேர்ந்தது சுமார் 9 லட்சம். நடுவில் இருந்த தொகை நடுவிலேயே தங்கிவிட்டது. கிரஹாம் கைக்கு ஹாகேயிடமிருந்து இரண்டு தவணையாக மொத்தம் 4,25,000 பவுண்டு வந்திருந்தது.

விசாரணையில் அவர் சொன்னது: நான் கேட்கவில்லை, அவராகக் கொடுத்த பரிசு. பணத்தை வட்டியோடு கிளப்பிடம் திருப்பியும் கட்டினார். 1995 பிப்ரவரியில் ஆர்சனல் அவரை வெளியே அனுப்பியது, இங்கிலாந்து ஃபுட்பால் சங்கம் ஒரு வருடம் தடை போட்டது. ஹாகேக்கு உலக ஃபுட்பால் அமைப்பான ஃபிஃபா முதலில் ஆயுள் தடை விதித்து, பிறகு இரண்டு வருடமாகக் குறைத்தது. ஒரு வருடம் முடிந்ததும் கிரஹாம் லீட்ஸ் மேனேஜர் ஆனார், அப்புறம் டாட்டன்ஹாம். 1999-இல் அவர்களுக்கு லீக் கோப்பையும் வாங்கிக்கொடுத்தார். தண்டனை எவ்வளவு பயமுறுத்தியிருக்கும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

ஜென்சன் பற்றி ஒரு பின்குறிப்பு. யூரோ இறுதியில் கோல் அடித்தவன் என்று வாங்கப்பட்ட அந்த மனிதர், ஆர்சனலுக்கு அடித்தது ஒரே ஒரு கோல். 1994 டிசம்பர் 31, க்யூபிஆர் கிளப்புக்கு எதிராக. 'ஜென்சன் கோல் அடித்தபோது நான் இருந்தேன்' என்று டி-ஷர்ட் போட்டு விற்றார்கள். அந்தக் கோல் விழுந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மேனேஜர் வேலை போய்விட்டது.

சரி, சம்பளமே கோடியில் இருக்கும்போது ஏன் என்கிறாய். கிரஹாம் காலத்தில் மேனேஜர் சம்பளம் இன்றைய அளவு கிடையாது. அது ஒரு காரணம், ஆனால் சின்னக் காரணம். பெரிய காரணம், மேனேஜர் வேலைக்கு ஆயுள் குறைவு. ஐந்து மேட்ச் தொடர்ந்து தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். யாரை வாங்குவது என்று சொல்லும் அதிகாரம் இன்று கையில் இருக்கிறது, நாளை இருக்குமா என்று தெரியாது. வாங்கப் போவதோ அடுத்தவன் பணத்தில். இந்த மூன்றும் ஓர் ஆளிடம் சேர்ந்தால், அவர் நல்லவரா கெட்டவரா என்பதெல்லாம் அப்புறம். கமிஷன் என்கிற வார்த்தையே அவர் காதுக்குத் தப்பாகக் கேட்காது. நம் ஊரில் சைட் புரோக்கர் வாங்குகிறவரிடம் இரண்டு சதவீதம், விற்கிறவரிடம் இரண்டு சதவீதம் என்று இரண்டு கையிலும் வாங்குகிறார், யாராவது அதை லஞ்சம் என்கிறோமா?

ஃபுட்பாலில் அந்தச் சைட் புரோக்கர் வேலையும் உண்டு. 2016-இல் போக்பா என்ற ஆட்டக்காரர் இத்தாலியின் யுவென்டஸிலிருந்து யுனைடெட்டுக்கு 10.5 கோடி யூரோவுக்குப் போனார். அவருடைய ஏஜென்ட் மினோ ரயோலா ஆட்டக்காரன், விற்ற கிளப், வாங்கிய கிளப் என மூன்று பக்கமும் வேலை பார்த்து 4 கோடி யூரோவுக்கு மேல் சம்பாதித்ததாகக் கசிந்த ஆவணங்கள் காட்டின. எல்லாம் கையெழுத்து போட்டு, ரசீது வைத்து. இதை ஊழல் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரே வக்கீல் வாதிக்கும் பிரதிவாதிக்கும் ஆஜராகிற மாதிரி இருக்கிறதா இல்லையா?

இன்னொரு வகை இன்னும் மென்மையானது. மேனேஜருக்கே ஏஜென்ட் உண்டு, அதே ஏஜென்ட்டிடம் ஆட்டக்காரர்களும் உண்டு. போர்ச்சுகல் ஏஜென்ட் ஜோர்ஜ் மெண்டஸுக்கு முதல் வாடிக்கையாளர் நூனோ என்ற கோல்கீப்பர். அந்த நூனோ இருபது வருடம் கழித்து 2017-இல் இங்கிலாந்தின் வுல்வ்ஸ் கிளப்புக்கு மேனேஜர் ஆனார். மெண்டஸ் அந்தக் கிளப்பின் முதலாளிகளுக்கும் வேண்டியவர். ரூபன் நெவ்ஸ் மாதிரி மெண்டஸின் ஆட்டக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். மற்ற கிளப்கள் குறை கூறின. லீக் விசாரித்து, விதிமீறல் இல்லை என்றது. உண்மையில் அந்த ஆட்டக்காரர்கள் நன்றாகவே ஆடினார்கள். எனக்கு இதில் சந்தேகம் கிடையாது, சங்கடம் உண்டு. தனக்கு அடுத்த வேலை வாங்கித்தரப் போகிற ஆளிடம் ஒரு மேனேஜர் எப்படி அடித்துப் பேரம் பேசுவார்? இங்கே கவரே தேவையில்லை. நன்றிக்கடன் போதும்.

கண்டுபிடிப்பது ஏன் கஷ்டம் என்பதற்கு இங்கிலாந்தே சாட்சி. 1992-இல் டெடி ஷெரிங்ஹாம் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டிலிருந்து டாட்டன்ஹாமுக்கு வந்தபோது 50,000 பவுண்டு ரொக்கம் கைமாறியது. ஃபாரஸ்ட் மேனேஜர் பிரையன் கிளஃபுக்கு பங் பிடிக்கும் என்று தன்னிடம் சொல்லப்பட்டதாக டாட்டன்ஹாம் முதலாளி ஆலன் சுகர் 1993-இல் நீதிமன்றத்திலேயே பிரமாணப் பத்திரம் கொடுத்தார். கிளஃப் கடைசி வரை மறுத்தார். விசாரணை 1997 வரை இழுத்தது. உடல்நிலையைக் காரணம் காட்டி அவர் மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது. அது நிரூபணம் ஆகவே இல்லை.

அப்புறம் 2006. லூட்டன் கிளப் மேனேஜர் மைக் நியூவெல் தனக்கே ஏஜென்ட்கள் பணம் தர வந்தார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். பிபிசி ரகசியக் கேமராவோடு ஒரு நிகழ்ச்சி போட்டது. லண்டன் போலீஸ் கமிஷனராக இருந்த லார்ட் ஸ்டீவன்ஸை வைத்து ப்ரீமியர் லீக் ஒரு விசாரணை நடத்தியது. இரண்டு வருடத்தில் நடந்த 362 பேரங்களைத் தோண்டிப் பார்த்தார்கள். கடைசியில் 17 பேரங்களுக்குச் சுத்தச் சான்றிதழ் கொடுக்க மறுத்தார்கள், அவ்வளவுதான். முன்னாள் போலீஸ் கமிஷனராக இருந்தாலும், தனியார் விசாரணைக்கு வெளிநாட்டு பேங்க் கணக்கைத் திறக்கச் சொல்ல அதிகாரம் கிடையாது. அங்கே போய்க் கதவு சாத்திக்கொண்டது.

பெரிய ஆள் யாரும் ஜெயிலுக்குப் போனதில்லை. 2016-இல் பத்திரிகைக்காரர்கள் தொழிலதிபர் வேஷம் போட்டு வலை விரித்தபோது மாட்டியவர்களைப் பார். இங்கிலாந்து அணியின் மேனேஜராக 67 நாள் மட்டுமே இருந்த சாம் அலர்டைஸ், விதியைச் சுற்றிப் போவது பற்றிப் பேசியதற்காக வேலையை இழந்தார். வழக்கு எதுவும் இல்லை. பார்ன்ஸ்லி கிளப்பின் துணைப் பயிற்சியாளர் டாமி ரைட் 5,000 பவுண்டு வாங்கினார். 2019-இல் லஞ்ச வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது, சிறைத் தண்டனையை நிறுத்திவைத்தார்கள். 4,25,000 வாங்கியவர் ஒரு வருடத்தில் வேலைக்குத் திரும்பினார், 5,000 வாங்கியவர் கூண்டில் நின்றார். இடையில் 2010-இல் தனியார் துறை லஞ்சத்தையும் சேர்த்து அங்கே புதுச் சட்டம் வந்திருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இனி நம் ஊர்.

கௌதமபுரத்தில் பெலே சிலைக்குக் கீழே வளர்ந்த உனக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. பெங்களூர் ஃபுட்பாலில் பாதி நம் ஆட்கள். எம்ஈஜி ராணுவக் குடியிருப்பு, அல்சூர், ஆஸ்டின் டவுன், மர்ஃபி டவுன் என்று தமிழ் பேசும் சந்து ஒவ்வொன்றிலும் ஒரு காலத்தில் ஒரு கோல்கீப்பராவது இருந்தார். பணம் மட்டும் கிடையாது. எச்ஏஎல் விமானக் கம்பெனி, ஐடிஐ டெலிபோன் கம்பெனி மாதிரி இடத்தில் வேலை கிடைத்தால் அதுதான் டிரான்ஸ்ஃபர், அதுதான் கோப்பை.

அந்தக் காலத்தைத் தாண்டி, நான் கணக்கு எழுதிய கிளப்பில் நடந்ததைச் சொல்கிறேன். கிளப் பெயர் வேண்டாம். ஒரு சீசனுக்கு வெளி மாவட்டத்திலிருந்து ஒரு ஃபார்வர்டைக் கூட்டி வந்தார்கள். வவுச்சரில் 40,000 ரூபாய். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் குறுக்காகப் பையனின் கையெழுத்து. நான் பதிந்துகொண்டேன். ஒரு மாதம் கழித்து அவன் என் மேஜை முன்னால் வந்து நின்றான். ஊரில் அக்காவுக்குப் பிரசவம், அட்வான்ஸ் வேண்டும் என்றான். "இப்பதானே நாப்பது வாங்கினே?" என்றேன். அவன் என்னையே பார்த்தான். "இல்ல சார், இருவத்தஞ்சு."

நோட்டை எடுத்துக் காட்டினேன். கையெழுத்து அவனுடையதுதான். எழுத்தில் இருந்த தொகை மட்டும் வேறு பேனா. வெற்று வவுச்சரில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். மீதி 15,000 கோச்சுக்கும், அவனைக் கூட்டிவந்த 'கான்டாக்ட்'டுக்கும். செக்ரட்டரியிடம் போனேன். "விடுங்க சார், டீம் ஜெயிக்குது" என்றார். விட்டேன். நானும்தான். அந்த வவுச்சரைக் கிழிக்கவும் இல்லை, யாரிடமும் காட்டவும் இல்லை. ஆடிட்டர் வந்து பச்சை மையில் டிக் போட்டுவிட்டுப் போனார். ஜென்சன் கணக்கைப் பின்னாளில் படித்தபோது எனக்கு அந்தப் பச்சை டிக்தான் ஞாபகம் வந்தது. ஆர்சனலில் காணாமல் போனது நூற்றுக்கு நாற்பது பங்கு, எங்கள் நோட்டிலும் கிட்டத்தட்ட அதேதான்.

சட்டம் பிடிக்காதா என்பாய். நம் ஊழல் தடுப்புச் சட்டம் முக்கியமாக அரசு ஊழியருக்கு. பொதுத்துறைக் கம்பெனி டீமின் மேனேஜர் காசு வாங்கினால் அந்தச் சட்டத்தில் வருவார். தனியார் கிளப் கோச் அதே காசை வாங்கினால் மோசடி, நம்பிக்கை மோசடி என்று வேறு பிரிவுகளைத் தேட வேண்டும். அந்தத் தேடல் எங்கே போய் முடியும் என்பதற்கு நம் ஊர் கிரிக்கெட்டே உதாரணம். கர்நாடகா ப்ரீமியர் லீக் சூதாட்ட வழக்கில் மேட்ச் ஃபிக்ஸிங் அப்போதைய தண்டனைச் சட்டத்தின் 420-ஆம் பிரிவில் மோசடி ஆகாது என்று 2022 ஜனவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரசிகர் தானாக விரும்பித்தான் டிக்கெட் வாங்கினார், யாரும் ஏமாற்றி வாங்க வைக்கவில்லை என்பது அதன் சாரம். நடவடிக்கை வேண்டுமானால் கிரிக்கெட் வாரியம் எடுத்துக்கொள்ளட்டும் என்றது. மேட்ச் ஃபிக்ஸிங்குக்கே இந்தக் கதி என்றால், ஒரு ஃபார்வர்டு விலையில் ஏற்றிய பதினைந்தாயிரத்துக்கு யார் கேஸ் எழுதுவார்கள்?

ஃபிஃபா சும்மா இருக்கவில்லை. 2015-இல் ஏஜென்ட் லைசென்ஸை எடுத்துவிட்டு யார் வேண்டுமானாலும் இடைத்தரகர் ஆகலாம் என்று திறந்துவிட்டார்கள். என் பார்வையில் அதைவிட முட்டாள்தனம் இல்லை. 2023-இல் மறுபடி பரீட்சை வைத்து லைசென்ஸ் கொண்டு வந்தார்கள், கமிஷனுக்கு உச்சவரம்பும் போட்டார்கள். ஏஜென்ட்கள் ஐரோப்பாவில் கோர்ட்டுக்குப் போனார்கள். 2023 டிசம்பர் கடைசியில் அந்த உச்சவரம்பை ஃபிஃபாவே நிறுத்திவைத்தது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் சர்வதேச டிரான்ஸ்ஃபர்களில் கிளப்கள் ஏஜென்ட்களுக்குக் கொடுத்தது 88.8 கோடி டாலர். இது கணக்கில் வந்த பணம், கவர் இதில் சேராது.

சரி, உன் தம்பி விஷயம். எனக்கு உன் முதல் மூன்று கேள்வியைவிட இதுதான் முக்கியமாகப் படுகிறது.

மேனேஜருக்குக் கவர் கொடுக்கிற ஏஜென்ட்டுக்குக்கூட ஆட்டக்காரன் விலை போனால்தான் வரும்படி. நம் சந்துகளில் திரிகிறவர்கள் பலருக்கு அதுவும் தேவையில்லை. பையன் எங்கேயும் ஆட வேண்டாம், அப்பா அம்மா பணம் கட்டினால் போதும். டிரையலுக்கு ஒன்றரை லட்சம், விசாவுக்கு இவ்வளவு, 'கோச்சைக் கவனிக்க' இவ்வளவு என்று பட்டியல் நீளும். இதில் 'கோச்சைக் கவனிக்க' என்று வரும் வரியைப் பார்த்தாயா? கிரஹாம் கதையில் கிளப் ஏமாந்தது. இங்கே கழுத்துச் செயினை அடகு வைக்கிற அம்மா ஏமாறுகிறாள். அந்தக் கோச்சுக்குப் பணம் போகிறதா என்பதே பாதி நேரம் பொய்.

அவர் கொடுத்த பேப்பரை எடுத்துப் பார். அவர் பெயரை ஃபிஃபா வெப்சைட்டில் லைசென்ஸ் உள்ள ஏஜென்ட்கள் பட்டியலில் தேடு. இல்லையென்றால் அங்கேயே முடிந்தது, டீ கொடுத்து அனுப்பிவிடு. இருந்தால், காலம் எத்தனை வருடம் என்று பார். ஆட்டக்காரனோடு ஏஜென்ட் போடும் ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு மேல் போகக்கூடாது. ஐந்து வருடம், 'தானாகப் புதுப்பிக்கப்படும்' என்றெல்லாம் இருந்தால் விதியே தெரியாதவர், இல்லை தெரிந்தே செய்கிறவர். 18 வயது ஆகவில்லை என்பதால் அப்பாவோ அம்மாவோ எழுத்தில் சம்மதிக்காமல் எதுவும் செல்லாது. வருங்கால டிரான்ஸ்ஃபர் தொகையில் தனக்கு இத்தனை சதவீதம் என்று எழுதியிருந்தால் தொடவே தொடாதே. ஆட்டக்காரனை ஷேர் போட்டுப் பிரிப்பதை ஃபிஃபா 2015-லேயே தடை செய்துவிட்டது.

இன்னொன்று, யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு பையன் பின்னாளில் வெளிநாட்டுக் கிளப்புக்கு விலை போனால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவனை 12 வயதிலிருந்து 23 வயது வரை வளர்த்த கிளப்களுக்குப் பங்காகப் போக வேண்டும். உன் தம்பி இப்போது ஆடுகிற கிளப்புக்கும் அதில் உரிமை உண்டு, ஆனால் அவன் பதிவு ஒழுங்காக இருந்தால்தான். எந்த சீசன், எந்த கிளப் என்று அந்த ரெஜிஸ்ட்ரேஷன் பேப்பர்களை எல்லாம் ஒரு ஃபைலில் போட்டு வைக்கச் சொல். ஏஜென்ட் ஒரிஜினலைக் கேட்டால் ஜெராக்ஸ் மட்டும் கொடு.

வெற்றுத் தாளில் கையெழுத்து போடச் சொல்லியிருக்கிறாரா என்று நீ சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை நான் ஆஸ்டின் டவுன் கிரவுண்டில் இருப்பேன், ஆறரைக்கு. தம்பியைக் கூட்டிக்கொண்டு வா, அந்தப் பேப்பரையும் எடுத்து வா. நான் படிக்கிற கண்ணாடி கொண்டு வருகிறேன். அதுவரைக்கும் அம்மாவை எதிலும் கையெழுத்து போட விடாதே.